சாயக் கழிவுநீரிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுத்தல்: மலிவான கவர்பொருள்களைக் கொண்டு படிப்படியாகச் செய்யும் முறை

துணிக்குச் சாயமேற்றும் தொட்டியில் இடுகின்ற சாயம் முழுவதும் இழையில் ஏறிவிடுவதில்லை. பருத்திக்குப் பெரிதும் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களில் ஏறத்தாழ 10 முதல் 40 விழுக்காடு வரை இழையைப் பற்றாமலேயே அலசு நீரோடு வெளியேறுகிறது. ஒரு லிட்டர் நீரில் 1 மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தாலே சில சாயங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வெயிலுக்கும் சோப்புக்கும் ஈடுகொடுத்து நிற்க வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்ட மூலக்கூறுகள் என்பதால், வழக்கமான நுண்ணுயிர்ச் சுத்திகரிப்புத் தொட்டிகளில் இவை எளிதில் சிதைவதும் இல்லை. இந்த இடத்தில் கைகொடுக்கும் வழிகளுள் ஒன்று பரப்புக் கவர்தல். நீரில் கரைந்திருக்கும் சாய மூலக்கூறுகள் ஒரு திண்மத்தின் மேற்பரப்பிலும் துளைச் சுவர்களிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டவைத்துக்கொள்ளும் திண்மத்தை இக்கட்டுரை முழுவதும் கவர்பொருள் என்று குறிப்பிடுகிறேன்.

தொடங்கும் முன்னரே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பரப்புக் கவர்தல் சாயத்தை அழிப்பதில்லை. அது இருக்கும் இடத்தைத்தான் மாற்றுகிறது. ஆகவே ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வி, நீர் தெளிந்ததா என்பதைவிட, உள்ளே வந்த சாயம் இத்தனை மில்லிகிராம் என்றால் அது இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான். இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளாத சோதனைகளில், நிறம் போனதாகத் தோன்றுவதற்குக் கவர்பொருளே காரணமாக இல்லாத நிலையும் உண்டு. அப்படிப்பட்ட நிலைகள் சில கீழே வருகின்றன.

படி 1: சாயம் எந்த வகை என்று அறிதல்

கவர்பொருளைத் தேடிப் போவதற்கு முன் சாயத்தை அறிய வேண்டும். நீரில் கரையும்போது சாய மூலக்கூறு எந்த மின்சுமையைப் பெறுகிறது என்பதே இங்கு முதன்மையானது. மெத்திலீன் நீலம், கிரிஸ்டல் வயலட், மாலகைட் பச்சை முதலிய காரச் சாயங்கள் நேர்மின்சுமை கொண்டவை. அமிலச் சாயங்கள், டைரக்ட் சாயங்கள், ரியாக்டிவ் சாயங்கள் ஆகியவற்றில் சல்ஃபோனேட் தொகுதிகள் இருப்பதால் அவை எதிர்மின்சுமை கொண்டவை. பாலியஸ்டருக்குரிய டிஸ்பர்ஸ் சாயங்களும், இண்டிகோ போன்ற வாட் சாயங்களும் நீரில் பெரும்பாலும் கரைவதில்லை, நுண்துகள்களாக மிதப்பவை. அவற்றைப் படிகாரம் போன்ற திரட்டுப்பொருள்களால் திரட்டி அடியில் படியவைப்பதே எளிது. அவற்றுக்குக் கவர்பொருளைச் செலவழிப்பது வீண்.

ஆய்வுக் கட்டுரைகளில் மிகுதியாகக் காணப்படுவது மெத்திலீன் நீலம். வேளாண் கழிவுகளின் மேற்பரப்பு இயல்பாகவே எதிர்மின்சுமை கொண்டிருப்பதால், எந்தக் கழிவை எடுத்தாலும் மெத்திலீன் நீலத்தில் நல்ல விளைவு கிடைத்துவிடுகிறது. ஆனால் பருத்திச் சாயப்பட்டறையின் கழிவுநீரில் இருப்பது பெரும்பாலும் எதிர்மின்சுமை கொண்ட ரியாக்டிவ் சாயம். மெத்திலீன் நீலத்தில் 95 விழுக்காடு நீக்கம் கண்ட அதே மரத்தூள் ரியாக்டிவ் சாயத்தை ஏறிட்டும் பார்க்காமல் போகலாம். எனவே நீக்க வேண்டிய சாயத்தையோ, குறைந்தது அதே மின்சுமை கொண்ட சாயத்தையோ வைத்துத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும்.

படி 2: கவர்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

நேர்மின்சுமைச் சாயங்களுக்கு மரத்தூள், நெல் உமி, கரும்புச் சக்கை, தென்னை நார்க்கழிவு, நிலக்கடலைத் தோடு, தேயிலைச் சக்கை, பழத்தோல்கள், பென்டோனைட் களிமண் ஆகியவை பொருந்தும். தாவரப் பொருள்களில் உள்ள செல்லுலோஸ், லிக்னின், பெக்டின் ஆகியவற்றின் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள்தாம் சாயத்தைப் பற்றும் இடங்கள். இவற்றின் மேற்பரப்பு கிராமுக்குச் சில சதுர மீட்டர் மட்டுமே. சந்தையில் கிடைக்கும் கிளர்வூட்டிய கரியிலோ (நுண்துளைகள் மிகும்படி பதப்படுத்திய கரி) அது 500 முதல் 1500 சதுர மீட்டர் வரை இருக்கும். அப்படியிருந்தும் சில தாவரக் கழிவுகள் கரியோடு போட்டிபோடக் காரணம், பற்றும் தொகுதிகளின் எண்ணிக்கை மேற்பரப்பின் பரப்பளவை மட்டும் பொறுத்ததல்ல என்பதே.

எதிர்மின்சுமைச் சாயங்களுக்குத் தேர்வு சுருங்கிவிடுகிறது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசானில் அமீன் தொகுதிகள் உள்ளன. பிஎச் 6.5-க்குக் கீழே அவற்றில் பெரும்பாலானவை நேர்மின்சுமை பெற்று, சல்ஃபோனேட் தொகுதிகளை வலுவாக இழுக்கும். ஆனால் கைட்டோசான் நீர்த்த அமிலங்களில் கரைந்துவிடும் என்பதால் அமிலத்தன்மை மிகுந்த நீரில் அதை அப்படியே பயன்படுத்த இயலாது. குளுட்டரால்டிஹைடு போன்றவற்றால் குறுக்குப்பிணைப்பு ஏற்படுத்த வேண்டியிருக்கும். மற்றொரு வழி, களிமண்ணையோ தாவரப் பொருளையோ நேர்மின்சுமை கொண்ட பரப்புச் செயலியில் (சோப்பு போல மேற்பரப்பில் படியும் பொருளில்) ஊறவைத்து அதன் மேற்பரப்பை மாற்றியமைப்பது. அனல்மின் நிலையச் சாம்பலும் சில சாயங்களுக்கு உதவும். ஆனால் அதில் உள்ள உலோகங்கள் நீரில் கசிகின்றனவா என்று பார்க்காமல் அதைத் தொடக்கூடாது.

மலிவு என்ற சொல்லையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உமிக்கோ மரத்தூளுக்கோ விலை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதைச் சுமந்து வருவது, உலர்த்துவது, அரைப்பது, அமிலத்தில் ஊறவைப்பது, பிறகு அமிலம் போகக் கழுவுவது, இறுதியில் சாயம் ஏறிய கழிவை ஒழிப்பது ஆகிய அனைத்துக்கும் செலவு உண்டு. கழுவுவதற்குச் செலவாகும் நல்ல நீரின் அளவு, சுத்திகரிக்கும் கழிவுநீரின் அளவை நெருங்குமானால், அந்தப் பொருள் மலிவானதல்ல.

படி 3: கவர்பொருளைத் தயாரித்தல்

முதலில் மண்ணும் தூசியும் போகக் குழாய் நீரில் அலசி, பின்னர் வாலைவடிநீரில், கழுவிய நீர் நிறமற்று வரும்வரை கழுவ வேண்டும். தேயிலைச் சக்கை, மரத்தூள், நார்க்கழிவு ஆகியவற்றில் டானின் மிகுதி என்பதால் வெந்நீரில் பலமுறை கொதிக்கவைத்து வடித்தால்தான் பழுப்பு நிறம் விடும். இதைச் சோம்பலால் குறைத்துக்கொண்டால், பின்னால் சாயத்தை நீக்கிய நீரில் கவர்பொருளின் நிறம் சேர்ந்து, அளவீடு முழுவதும் குழம்பிவிடும். கழுவியதை 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, அரைத்து, சல்லடையில் சலிக்க வேண்டும். குடுவைச் சோதனைக்கு 150 முதல் 300 மைக்ரான் துகள்களும், குழாய்ப் படுகைக்கு 0.5 முதல் 1 மில்லிமீட்டர் துகள்களும் பொருந்தும். சலித்த துகள்களைக் காற்றுப் புகாத புட்டியில் வைத்து, தயாரித்த நாளையும் துகள் அளவையும் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

பச்சைப் பொருளே போதுமான அளவு பற்றுகிறது என்றால் அத்தோடு நிறுத்திவிடலாம். போதவில்லை என்றால் மூன்று வழிகள் உண்டு. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் சில மணி நேரம் ஊறவைத்தால் லிக்னினில் ஒரு பகுதியும், உமியாக இருந்தால் சிலிக்காவில் ஒரு பகுதியும் கரைந்து, செல்லுலோசின் பற்றிடங்கள் வெளிப்படும். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, வடித்து, 120 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேற்றினால் எஸ்டர் பிணைப்பு உருவாகி, புதிய கார்பாக்சில் தொகுதிகள் சேரும். நேர்மின்சுமைச் சாயங்களுக்கு இது நல்ல பலன் தருகிறது. கையாளும் பொருளும் அபாயமற்றது. மூன்றாவது வழி, பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து 400 முதல் 500 டிகிரி செல்சியஸில், காற்றைத் தவிர்த்துக் கரியாக்குவது. இதில் கிடைப்பது உண்மையிலேயே துளைகள் மிகுந்த கரி. ஆனால் அதற்கு உலையும், வெளிவரும் ஆவியை அகற்றும் ஏற்பாடும் வேண்டும். எந்த வழியானாலும் இறுதியில் கழுவிய நீரின் பிஎச் நடுநிலைக்கு வந்ததை உறுதிசெய்ய வேண்டும். எஞ்சிய அமிலமும் காரமும் அடுத்து வரும் எல்லாச் சோதனைகளையும் கெடுக்கும்.

படி 4: சுழிச் சுமைப் புள்ளியைக் காணுதல்

கவர்பொருளின் மேற்பரப்பில் நிகர மின்சுமை எந்தப் பிஎச்-இல் சுழியாகிறதோ அது சுழிச் சுமைப் புள்ளி. அதற்கு மேலான பிஎச்-இல் மேற்பரப்பு எதிர்மின்சுமையும், அதற்குக் கீழே நேர்மின்சுமையும் பெறுகிறது. இதைக் காண விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. லிட்டருக்கு 0.01 மோல் சோடியம் குளோரைடு கொண்ட கரைசலை 50 மில்லிலிட்டர் வீதம் பல குடுவைகளில் எடுத்து, அவற்றின் பிஎச்-ஐ நீர்த்த அமிலத்தாலும் காரத்தாலும் 2 முதல் 10 வரை சரிசெய்து, ஒவ்வொன்றிலும் 0.2 கிராம் கவர்பொருளை இட்டு மூடி, 24 மணி நேரம் குலுக்கிய பின் மீண்டும் பிஎச்-ஐ அளக்க வேண்டும். தொடக்க மதிப்புக்கும் இறுதி மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தொடக்க மதிப்புக்கு எதிராக வரைந்தால், கோடு சுழியைக் கடக்கும் இடமே நாம் தேடும் புள்ளி. கைட்டோசானையும் குறுக்குப்பிணைப்பு இல்லாமல் இந்த அமிலக் குடுவைகளில் இட்டால் அது கரைந்துபோகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

படி 5: அளவீட்டுக் கோடு வரைதல்

ஒரு கிராம் சாயத்தை வாலைவடிநீரில் கரைத்து ஒரு லிட்டர் அளவுக்குடுவையில் நிரப்பினால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் மூலக்கரைசல் கிடைக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. சாயத்தூள் தூய பொருளல்ல. புட்டியின் மேல் சாய உள்ளடக்கம் எத்தனை விழுக்காடு என்று அச்சிடப்பட்டிருக்கும். காங்கோ சிவப்பு போன்ற சில தூள்களில் அது பாதிக்கும் குறைவாக இருப்பதுண்டு. மீதி உப்பும் ஈரமும். அந்த விழுக்காட்டைக் கொண்டு எடையைத் திருத்தாவிட்டால் முழுக் கணக்கும் தொடக்கத்திலேயே பிசகிவிடும்.

அடுத்து, ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் சாயம் மிகுதியாக ஒளியை உட்கவரும் அலைநீளத்தைக் கண்டறிய வேண்டும். மெத்திலீன் நீலத்துக்கு அது 664 நானோமீட்டர், கிரிஸ்டல் வயலட்டுக்கு 590, மெத்தில் ஆரஞ்சுக்கு 464, காங்கோ சிவப்புக்கு ஏறத்தாழ 498. ஒளி உட்கவர் அளவு 1-ஐத் தாண்டாத வகையில் செறிவுகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மெத்திலீன் நீலம் ஒளியை மிக வலுவாக உட்கவருவதால், ஒரு சென்டிமீட்டர் குவளையில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவிலேயே அந்த எல்லை வந்துவிடும். மேலும் செறிவு கூடினால் அதன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து கோடு வளையத் தொடங்கும். ஆகவே அதற்கு லிட்டருக்கு 1, 2, 3, 4, 5 மில்லிகிராம் என்ற ஐந்து புள்ளிகள் போதும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் கொண்ட மாதிரியை அளக்க அதை 25 மடங்கு நீர்க்கச் செய்து, கிடைத்த மதிப்பை 25-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

படி 6: குடுவைச் சோதனை

செய்முறை எளிது. 250 மில்லிலிட்டர் கூம்புக் குடுவையில் 100 மில்லிலிட்டர் சாயக் கரைசலை எடுத்து, பிஎச்-ஐச் சரிசெய்து, எடைபோட்ட கவர்பொருளை இட்டு, நிமிடத்துக்கு 150 சுற்று வேகத்தில் குலுக்கியில் வைத்து, குறித்த நேரத்தில் மாதிரி எடுத்து, துகள்களைப் பிரித்து, ஒளி உட்கவர் அளவைக் காண வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்: முதலில் பிஎச், பின்னர் நேரம், பின்னர் கவர்பொருளின் அளவு, கடைசியில் சாயச் செறிவு. ஒவ்வொரு சோதனையையும் மும்முறை செய்ய வேண்டும்.

பிழைகள் நுழையும் வாசல் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்போம். மெத்திலீன் நீலம் வடிதாளில் ஒட்டும்; கண்ணாடிச் சுவரிலும் ஒட்டும். வடிதாளில் வடித்துவிட்டு அளந்தால், தாள் பற்றிக்கொண்ட சாயமும் கவர்பொருளின் கணக்கில் வரவாகிவிடும். மையவிலக்கியில் சுழற்றித் தெளிந்த நீரை எடுப்பதே பாதுகாப்பானது. அடுத்தது பிஎச் தொடர்பான மாயை. காங்கோ சிவப்பு பிஎச் 5-இலிருந்து 3-க்கு இறங்கும்போது சிவப்பிலிருந்து நீலமாக மாறும். 498 நானோமீட்டரில் மட்டும் அளப்பவருக்கு அது சாயம் நீங்கிவிட்டதாகத் தெரியும். கிரிஸ்டல் வயலட்டும் மாலகைட் பச்சையும் வலுவான காரத்தில் ஹைட்ராக்சைடோடு வினைபுரிந்து நிறமிழக்கும். அங்கே கவர்பொருளுக்கு வேலையே இல்லை. ஆகவே ஒவ்வொரு பிஎச்-இலும் மூன்று ஒப்பீட்டுக் குடுவைகள் கட்டாயம் வேண்டும்: கவர்பொருள் இல்லாத சாயக் கரைசல், சாயம் இல்லாத கவர்பொருள், பிரித்தெடுக்கும் முறையில் மட்டும் செலுத்தப்பட்ட சாயக் கரைசல். முதலாவது நிறமாற்றத்தையும், இரண்டாவது கவர்பொருள் கக்கும் நிறத்தையும், மூன்றாவது வடிதாளின் இழப்பையும் காட்டிக்கொடுக்கும். அளக்கும் முன் எல்லா மாதிரிகளையும், அளவீட்டுக் கோடு வரைந்த அதே பிஎச்-க்குக் கொண்டுவர வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. காங்கோ சிவப்பு பென்சிடினிலிருந்து தயாரிக்கப்படுவது. பென்சிடின் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால், கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அந்தத் தூளை எடைபோட வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். தொடக்கச் செறிவிலிருந்து இறுதிச் செறிவைக் கழித்து, கரைசலின் கனஅளவால் பெருக்கி, கவர்பொருளின் எடையால் வகுத்தால், ஒரு கிராம் கவர்பொருள் பற்றிய சாயம் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் கொண்ட 0.1 லிட்டர் கரைசலில் 0.1 கிராம் கவர்பொருளை இட்டபோது 12 மில்லிகிராம் செறிவு எஞ்சியது என்றால், நீக்கம் 88 விழுக்காடு. பற்றிய அளவு கிராமுக்கு 88 மில்லிகிராம். அதே கரைசலில் 0.4 கிராம் இட்டு, எஞ்சியது 2 மில்லிகிராம் என்றால், நீக்கம் 98 விழுக்காடாக உயர்கிறது. ஆனால் பற்றிய அளவு கிராமுக்கு 24.5 மில்லிகிராமாகச் சரிந்துவிடுகிறது. நீக்க விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதைச் சிறந்தது என்பார். உண்மையில் அங்கே பொருளின் பெரும்பகுதி வேலையின்றிக் கிடக்கிறது. எந்தப் பொருளையும் அளவுக்கு அதிகமாகக் கொட்டி 98 விழுக்காடு காட்டலாம். எனவே விழுக்காட்டை மட்டும் சொல்லும் முடிவுகளை நம்ப வேண்டியதில்லை.

படி 7: சமநிலைக் கோடும் வேகமும்

கவர்பொருளின் அளவை மாற்றாமல், சாயத்தின் தொடக்கச் செறிவை மட்டும் 25, 50, 100, 150, 200, 300 மில்லிகிராம் என்று கூட்டிக்கொண்டே சென்று, ஒவ்வொன்றிலும் சமநிலை எட்டியபின் எஞ்சிய செறிவையும் பற்றிய அளவையும் வரைந்தால் கிடைப்பது சமவெப்பக் கோடு. பெயருக்கேற்ப, எல்லாக் குடுவைகளும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். இர்விங் லாங்மியூர் 1918-இல் வெளியிட்ட சமன்பாடு, மேற்பரப்பில் ஒரே ஓர் அடுக்குக்கு மட்டும் இடமுண்டு என்றும் எல்லா இடங்களும் ஒரே தன்மையுடையவை என்றும் கொள்கிறது. அதிலிருந்து பெறும் உச்சக் கொள்ளளவும் நாட்ட மாறிலியும் (லாங்மியூர் மாறிலி)தான் அடுத்த படியில் நமக்குத் தேவை. ஃபிராய்ண்ட்லிச் சமன்பாடு சமமற்ற மேற்பரப்புகளுக்கு ஏற்றது. ஆனால் அது உச்ச அளவு எதையும் தருவதில்லை. சமன்பாட்டை நேர்கோடாக்கி வரைவதைவிட, கணினியில் வளைகோட்டையே நேரடியாகப் பொருத்துவது நல்லது. நேர்கோடாக்கும்போது குறைந்த செறிவுகளில் உள்ள சிறு பிழைகள் பெருகிவிடும்.

வேகத்தைப் பொறுத்தவரை, 5, 10, 20, 30, 60, 120, 240 நிமிடங்களில் மாதிரி எடுத்து, பற்றிய அளவு மாறாமல் நிற்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடைமுறைக்கு அதுவே போதும். போலி இரண்டாம் படி வேகச் சமன்பாடு மிகச் சிறப்பாகப் பொருந்துவதாகப் பலரும் எழுதுகிறார்கள். அதன் நேர்கோட்டு வடிவில் நேரம் இரு அச்சுகளிலும் இடம்பெறுவதால், சமநிலைக்குப் பிந்திய புள்ளிகளைச் சேர்த்தாலே அது பொருந்தத்தான் செய்யும். அதைக் கொண்டு வேதிப் பிணைப்பு நிகழ்ந்தது என்று முடிவு கட்டுவது சரியல்ல.

படி 8: பெரிய அளவுக்கான கணக்கு

ஒரு கவர்பொருளின் உச்சக் கொள்ளளவு கிராமுக்கு 100 மில்லிகிராம், லாங்மியூர் மாறிலி மில்லிகிராமுக்கு 0.1 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1000 லிட்டர் நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராமாக உள்ள சாயத்தை 5 மில்லிகிராமாகக் குறைக்க வேண்டும். நீக்க வேண்டிய சாயம் 95 கிராம். கொள்ளளவு 100 என்பதால் 0.95 கிலோ போதும் என்று நினைப்பது வழக்கமான தவறு. கவர்பொருள் சமநிலை கொள்வது எஞ்சிய நீரோடுதான்; 5 மில்லிகிராம் செறிவுள்ள நீரோடு சமநிலையில் இருக்கும்போது அது பற்றக்கூடியது, லாங்மியூர் சமன்பாட்டின்படி 100 × 0.1 × 5 ÷ (1 + 0.1 × 5), அதாவது கிராமுக்கு 33.3 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே தேவை 2.85 கிலோ.

இதே வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்துப் பார்ப்போம். முதல் தொட்டியில் 100-இலிருந்து 25-க்குக் குறைக்கிறோம். 25 மில்லிகிராமுக்குரிய பற்றளவு கிராமுக்கு 71.4 என்பதால், 75 கிராம் சாயத்துக்கு 1.05 கிலோ வேண்டும். வடித்த நீரை இரண்டாம் தொட்டிக்கு மாற்றி, புதிய கவர்பொருளைக் கொண்டு 25-இலிருந்து 5-க்குக் குறைத்தால், 20 கிராம் சாயத்துக்கு 0.6 கிலோ. இரண்டும் சேர்ந்து 1.65 கிலோ. ஒரே தொட்டியில் கொட்டியதைவிட 1.2 கிலோ மிச்சம். ஒழிக்க வேண்டிய கழிவும் அந்த அளவுக்குக் குறைவு. இரண்டாம் தொட்டியில் பயன்படுத்தியதை எடுத்து அடுத்த தொகுதி நீரின் முதல் தொட்டியில் இட்டால் இன்னும் மிச்சமாகும். என் பார்வையில், கவர்பொருளின் தரத்தை உயர்த்த அமிலத்தோடும் உலையோடும் போராடுவதைவிட, இந்த இரு தொட்டி ஏற்பாடு பல நேரங்களில் கூடுதல் பலன் தருகிறது.

படி 9: குழாய்ப் படுகை

நீர் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் இடத்தில் தொட்டியைவிடக் குழாய்ப் படுகை ஏற்றது. படுகையின் நுழைவுப் பகுதியில் உள்ள கவர்பொருள், வெளியேறும் தெளிந்த நீரோடு அல்லாமல், உள்ளே வரும் செறிவான நீரோடு சமநிலை கொள்கிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 100 மில்லிகிராம் செறிவுக்குரிய பற்றளவு கிராமுக்கு 90.9 என்பதால், கவர்பொருள் ஏறத்தாழ முழுத் திறனோடு வேலை செய்யும்.

2.5 சென்டிமீட்டர் உள்விட்டம் கொண்ட குழாயின் அடியில் கண்ணாடிப் பஞ்சை வைத்து, நீரில் குழைத்த கவர்பொருளைக் காற்றுக் குமிழி நுழையாமல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். குழாயின் விட்டம் துகளின் விட்டத்தைப் போல் குறைந்தது 10 மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் நீர் சுவரோரமாகவே நழுவிப் போய்விடும். இந்தப் படுகையின் கனஅளவு ஏறத்தாழ 98 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர் வீதம் நீரைச் செலுத்தினால், வெற்றுப் படுகைக் கணக்கில் தொடுநேரம் சுமார் 10 நிமிடம். கீழிருந்து மேலாகச் செலுத்துவது நீர் ஒரே தடத்தில் பாய்வதைக் குறைக்கும். வெளிவரும் நீரின் செறிவு, உள்ளே செல்வதில் 5 அல்லது 10 விழுக்காட்டை எட்டும் நேரத்தை உடைவுப் புள்ளியாகக் கொண்டு, அப்போது படுகையை மாற்ற வேண்டும். இரண்டு குழாய்களைத் தொடராக இணைத்து, முன்னது நிறைந்ததும் பின்னதை முன்னுக்குக் கொண்டுவந்தால் பொருள் வீணாகாது. பச்சைத் தாவரப் பொருள் நீரில் உப்பிப் படுகையை அடைத்துக்கொள்ளும். எனவே நிரப்புவதற்கு முந்திய இரவே ஊறவைத்துவிடுங்கள்.

படி 10: உண்மையான கழிவுநீர்

வாலைவடிநீரில் கரைத்த ஒற்றைச் சாயத்தில் கண்டது பட்டறைக் கழிவுநீரில் அப்படியே நடப்பதில்லை. ரியாக்டிவ் சாயமேற்றலில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பும், சோடியம் கார்பனேட்டும் சேர்க்கப்படுகின்றன. கழிவுநீர் சூடாகவும், பிஎச் 10 முதல் 11 அளவிலும், பல சாயங்கள் கலந்தும், இழைத்துகள்களோடும் வருகிறது. சோடியம் அயனிகள் நேர்மின்சுமைச் சாயங்களோடு இடத்துக்குப் போட்டிபோடும். எதிர்மின்சுமைச் சாயங்களிலோ உப்பு சில வேளைகளில் மேற்பரப்பின் விலக்கத்தைத் தணித்து உதவவும் கூடும். முதலில் ஒரு சமன்செய் தொட்டியில் தேக்கி ஆறவிட்டு, துகள்களை வடித்து, தேவையானால் திரட்டிப் படியவைத்து, எஞ்சிய நிறத்துக்கு மட்டும் கவர்பொருளைப் பயன்படுத்துவதே முறை.

எதிர்மின்சுமைச் சாயங்களுக்குப் பிஎச் 2 சிறந்தது என்று காட்டும் ஆய்வுகள் ஏராளம். அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள விலையைப் பார்க்க வேண்டும். தூய நீரையே பிஎச் 2-க்குக் கொண்டுவர லிட்டருக்கு 0.01 மோல் அமிலம் வேண்டும். வெளியே விடும் முன் அதை மீண்டும் நடுநிலையாக்கினால் லிட்டருக்கு ஏறத்தாழ 585 மில்லிகிராம் சாதாரண உப்பு கூடிவிடும். கார்பனேட் நிறைந்த கழிவுநீரில் இது பன்மடங்கு. உப்பைப் பரப்புக் கவர்தல் நீக்குவதில்லை என்பதால், நிறத்தை எடுத்துவிட்டு உப்பைக் கூட்டியதாக முடியும். பிஎச் 6 முதல் 8 வரை வேலை செய்யாத கவர்பொருளை நான் பட்டறைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கலவை நிறத்தை ஒற்றை அலைநீளத்தில் அளக்க இயலாது. 436, 525, 620 நானோமீட்டர் ஆகிய மூன்றிலும் அளந்து ஒப்பிடுவது வழக்கம். கூடவே வேதி ஆக்சிஜன் தேவையையும் (நீரிலுள்ள கரிமப் பொருளை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவு) முன்னும் பின்னும் பாருங்கள். பச்சைத் தாவரப் பொருள் கக்கும் கரிமப் பொருளால், நிறம் குறைந்தும் இந்த அளவு கூடியிருக்கக்கூடும்.

படி 11: சாயம் ஏறிய கவர்பொருள்

நேர்மின்சுமைச் சாயத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும், எதிர்மின்சுமைச் சாயத்தை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடாலும், சிலவற்றை எத்தனாலாலும் கழற்றி எடுக்கலாம். இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்யுங்கள்: கழன்று வந்த சாயத்தின் அளவு, பற்றியதாகக் கணக்கிட்ட அளவோடு ஓரளவேனும் நெருங்கினால், சாயம் உண்மையிலேயே கவர்பொருளில்தான் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் மீளுருவாக்கத்தையே அன்றாட வழியாக்கினால், கையில் கிடைப்பது முன்னதைவிடச் செறிவான சாயக் கரைசல். அதையும் எங்காவது சேர்த்தாக வேண்டும். விலையற்ற மரத்தூளுக்கு இது பெரும்பாலும் தேவையற்ற உழைப்பு. கைட்டோசானுக்கும் கிளர்வூட்டிய கரிக்கும் இதைச் செய்வதில் அர்த்தமுண்டு.

பயன்படுத்தித் தீர்ந்த பொருளை உரக்குழியிலும் வயலிலும் கொட்டுவதோ, அடுப்பெரிக்கக் கொடுப்பதோ கூடாது. அசோ சாயங்கள் (இரு நைட்ரஜன் அணுக்களின் இரட்டைப் பிணைப்பு கொண்டவை) காற்றில்லா மண்ணில் நுண்ணுயிர்களால் பிளவுபட்டு அரோமாட்டிக் அமீன்களாக மாறுகின்றன. அவற்றுள் சில, மூலச் சாயத்தைவிட நச்சுத்தன்மை மிகுந்தவை. சில சாயங்களில் குரோமியம், தாமிரம், கோபால்ட் ஆகிய உலோகங்கள் மூலக்கூறின் பகுதியாகவே இருக்கின்றன. எரித்தால் அவை சாம்பலில் தங்கும். எனவே நீரை வடித்து, நிழலில் உலர்த்தி எடையைக் குறைத்து, கசியாத பீப்பாயில் அடைத்து, அபாயக் கழிவுகளுக்குரிய உயர்வெப்ப எரியுலைக்கோ, அடியில் கசிவுத் தடுப்பு உள்ள நிலநிரப்புத் தளத்துக்கோ அனுப்ப வேண்டும். பீப்பாயின் மேல் சாயத்தின் வகை, உலர்ந்த எடை, அடைத்த நாள், அதில் ஏறியிருக்கும் சாயத்தின் கிராம் கணக்கு ஆகிய நான்கையும் எழுதுங்கள். படி 8-இல் கண்ட 1000 லிட்டருக்கு, அந்தக் கடைசி எண் 95 என்று இருக்க வேண்டும்.